டிராக்டர் டிரெய்லரும் பாரத்தின் அளவும்

சம்பா அறுவடையும் கரும்பு வெட்டும் நடைபெறும் மாதங்களில், நெல் கொள்முதல் நிலையங்களுக்கும் சர்க்கரை ஆலைகளுக்கும் செல்லும் சாலைகளில் டிராக்டர் டிரெய்லர்களே மிகுதியாகக் காணப்படுகின்றன. நெல், கரும்பு, வைக்கோல், எரு, ஏரி வண்டல், செங்கல் ஆகிய யாவும் அவற்றிலேயே செல்கின்றன. முன்பு ஒரு ஜோடி மாடும் ஒரு வண்டியும் நாள் முழுவதும் பல நடை நடந்து செய்த வேலையை அவை ஒரே நடையில் முடித்துவிடுகின்றன. இந்தச் சௌகரியத்தை எவரும் குறைவாக மதிப்பதற்கில்லை. ஆயினும், இச்சௌகரியத்தோடு கூடவே வந்திருக்கும் அபாயத்தைப் பற்றி நிலச்சுவான்தார்களும் கிராம அதிகாரிகளும் போதிய கவனம் செலுத்தியிருப்பதாகச் சொல்ல முடியாது.

டிரெய்லரில் பாரம் ஏற்றும்போது சாதாரணமாகக் கேட்கப்படும் கேள்வி, "இந்த டிராக்டர் எவ்வளவு இழுக்கும்?" என்பதே. உழவுக்கு இக்கேள்வி பொருத்தமானது. சாலைக்கு இது முற்றிலும் தவறான கேள்வி. சாலையில் கேட்கத்தக்கது, "இந்த டிராக்டர் எவ்வளவை நிறுத்தும்?" என்பது ஒன்றுதான். இழுக்கும் பலம் வேறு, நிறுத்தும் பலம் வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதே டிரெய்லர் விபத்துக்கள் பலவற்றுக்கும் மூலகாரணமாக இருக்கிறது.

சமமான சாலை செய்யும் மோசம்

சமமான தார்ச்சாலையில் உருண்டு செல்லும் வண்டியை நகர்த்துவதற்கு வேண்டிய விசை மிகவும் சொற்பம். எட்டு டன் எடையுள்ள வண்டியை இருநூறு கிலோ அளவான இழுப்பைக் கொண்டே ஓட்டிச் செல்லலாம். ஆகையால் 45 குதிரைசக்தியுள்ள டிராக்டர் அதை யாதொரு சிரமமுமின்றி இழுத்துப் போகிறது. எஞ்சின் முனகுவதுமில்லை, புகை கக்குவதுமில்லை. பாரம் அதிகமில்லை என்ற எண்ணம் சொந்தக்காரருக்கும் டிரைவருக்கும் ஏற்பட்டுவிடுகிறது. அடுத்த நடையில் இன்னும் இருபது மூட்டை ஏறுகிறது.

நிறுத்தும்போது நிலைமை வேறு. இத்தகைய டிராக்டரின் எடை ஏறக்குறைய இரண்டு டன். அதன் பிரேக் பின்சக்கரங்களில் மட்டுமே உள்ளது. பட்டறைகளில் செய்யப்படும் டிரெய்லர்களில் பெரும்பாலானவற்றுக்குப் பிரேக்கே கிடையாது. பின்சக்கரங்களின் மேல் நிற்கும் எடை சுமார் 1,300 கிலோ என்று வைத்துக்கொண்டால், உலர்ந்த தார்ச்சாலையில் அச்சக்கரங்கள் பிடித்து நிறுத்தக்கூடிய விசை சுமார் 900 கிலோவுக்கு மேற்படாது. பிரேக் எவ்வளவு புதியதாயினும், டிரைவர் எவ்வளவு பலமாக மிதித்தாலும், டயருக்கும் சாலைக்கும் உள்ள பிடிப்பைவிட அதிகமாக ஒன்றும் கிடைக்காது. எஞ்சினைக் கொண்டு வேகத்தைத் தடுப்பதும் அதே பின்சக்கரங்களின் வழியாகத்தான் நடைபெற வேண்டும்.

இனி ஒரு கணக்கைக் கவனிக்கலாம். நாலு சக்கர டிரெய்லர் ஒன்றின் சொந்த எடை ஒன்றரை டன் என்றும், அதில் 40 கிலோ மூட்டைகள் 160 ஏற்றப்பட்டன என்றும் கொண்டால், டிரெய்லர் சுமார் 8 டன்னும் டிராக்டருடன் சேர்த்து 10 டன்னும் ஆகிறது. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் சமமான உலர்ந்த சாலையில் இது பிரேக் பிடித்த பின் சுமார் 10 மீட்டரில் நிற்கும். வேகத்தை 30 கிலோமீட்டராக இரட்டித்தால், நிற்கும் தூரம் இரட்டிப்பதில்லை. நான்கு மடங்காகி 40 மீட்டராகிறது. டிரைவர் கண்டு, காலை எடுத்து, பிரேக்கை மிதிப்பதற்குச் செல்லும் ஒரு வினாடியில் கடக்கும் 8 மீட்டரையும் இதனோடு சேர்க்க வேண்டும்.

இது சமமான சாலையின் கணக்கு. 20 அடிக்கு 1 அடி இறங்கும் சரிவில் 10 டன் எடையானது 500 கிலோ விசையுடன் கீழ்நோக்கித் தள்ளுகிறது. நிறுத்துவதற்கு மிஞ்சுவது 400 கிலோ மட்டுமே. 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்த வண்டி நிற்பதற்குச் சுமார் 90 மீட்டர் வேண்டும். 10 அடிக்கு 1 அடி இறங்கும் சரிவிலோ, தள்ளும் விசை 1,000 கிலோ; தடுக்கும் விசை 900 கிலோ. அங்கே அவ்வண்டி நிற்கவே நிற்காது. டிரைவர் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்க, சக்கரங்கள் சுழலாமல் சறுக்கிக்கொண்டே வண்டி வேகம் பெறும். மழை பெய்து சேறு படிந்த சாலையில் டயரின் பிடிப்பு பாதிக்கும் கீழாகக் குறைந்துவிடுவதால், 20-க்கு 1 என்ற சரிவே இந்த விளைவுக்குப் போதுமானது.

இத்தகைய சரிவுகள் மலைப்பிரதேசங்களில்தான் உண்டு என்று எண்ணுவது தவறு. காவேரிப் படுகையைப் போன்ற சமவெளியிலும், வயலிலிருந்து வாய்க்கால் கரைக்கு ஏறும் வழி, கரையிலிருந்து சாலைக்கு இறங்கும் வழி, பாலங்களின் இருபுற ஏற்றம், ஏரிக்கரைத் திருப்பம் ஆகியவற்றில் பத்துக்கு ஒன்று என்ற சரிவு சர்வசாதாரணம். அவ்விடங்களிலேயே ஒரு பக்கம் ஆழ்ந்த தண்ணீரும் இருக்கிறது.

மாடு அறிந்த பாடம்

மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு இவ்விஷயம் புதியதன்று. இறக்கத்தில் வண்டி மாட்டைத் தள்ளும் என்பதும், அவ்வேளையில் மாடுகள் பின்சாய்ந்து நுகத்தைத் தாங்கிக்கொண்டு நடக்கும் என்பதும், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட ஒருவன் கூடவே நடக்க வேண்டும் என்பதும் அவர்கள் அறிந்தவையே. மாடு தன்னால் தாங்க முடியாத பாரத்துடன் இறங்க மறுக்கும். டிராக்டர் மறுப்பதில்லை. மறுக்க வேண்டிய பொறுப்பு மனிதனுடையதாகிவிட்டது.

முன்பாரம், பின்பாரம் என்ற அறிவும் அவ்வாறே பழையது. பாரம் முன்னே அதிகமானால் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னே அதிகமானால் நுகம் மேலே தூக்கிப் பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். இரண்டு சக்கர டிரெய்லருக்கும் இதே விதிதான். பாரத்தில் ஒரு மிதமான பங்கு டிராக்டரின் கொக்கியின் மேல் அமர்வது நல்லது. அதனால் பின்சக்கரங்களுக்குப் பிடிப்பு உண்டாகிறது. அது மிதமிஞ்சினால் டிராக்டரின் முன்சக்கரங்கள் தரையை விட்டு இலேசாகித் திருப்பத்துக்குக் கட்டுப்படாமற் போகின்றன. பாரம் பின்னால் சரிந்தாலோ, கொக்கி மேல்நோக்கி இழுக்கப்பட்டுப் பின்சக்கரங்களின் பிடிப்புக் குறைந்து, பிரேக் பயனற்றதாகிறது. கரும்புக் கட்டுகளைப் பின்புறம் நீளமாக நீட்டி அடுக்குவதில் உள்ள தீங்கு இதுவே.

முன்சக்கரம் தூக்குவதைத் தடுப்பதற்காக முன்புறத்தில் ஓர் ஆளை உட்கார வைத்து ஓட்டும் வழக்கம் சில இடங்களில் காணப்படுகிறது. இது மிகவும் கண்டிக்கத்தக்கது. அதற்கென்று விற்கப்படும் இரும்பு எடைகளைப் பூட்டிக்கொள்ளலாம். அதைவிட உத்தமம், பாரத்தைக் குறைப்பது. மனிதன் எடைக்கல் அல்லன்.

சேற்றில் அகப்பட்ட டிரெய்லரை இழுக்கும்போது சங்கிலியை டிராக்டரின் உயரமான பாகத்தில் கட்டுவது இன்னொரு பெரிய தவறு. பின் அச்சுக்கு மேலே கட்டி இழுத்தால், டிரெய்லர் நகராதபோது டிராக்டர் தன் பின்சக்கரங்களைச் சுற்றித் தானே எழும்பி டிரைவரின் மேல் மல்லாந்து விழும். இது ஒன்றரை வினாடிக்குள் முடிந்துவிடுவதால் குதித்துத் தப்பவும் அவகாசமில்லை. கீழ்க்கொக்கியில் மட்டுமே கட்ட வேண்டும். பாரத்தில் பாதியை இறக்கிவிட்டு இழுப்பது அதனினும் நல்லது. டிராக்டர் கவிழ்ந்தாலும் டிரைவர் நசுங்காமல் காக்கும் இரும்புச் சட்டகத்தை ஸ்வீடன் தேசம் 1959-ம் வருஷத்திலேயே புதிய டிராக்டர்களுக்குக் கட்டாயமாக்கியது. புது டிராக்டர் வாங்குவோர் இச்சட்டகமும் இடுப்பு வாரும் உள்ளதையே கேட்டு வாங்குதல் வேண்டும்.

பிற நாட்டு அனுபவம்

அமெரிக்காவில் குடும்பத்தோடு பிரயாணம் செய்வோர், படுக்கையும் சமையலிடமும் அமைந்த வீட்டுவண்டியை, "அரை டன் வண்டி" என்று வழங்கும் பிக்கப் மோட்டாரின் பின்னே பூட்டி நெடுந்தூரம் செல்கின்றனர். அரை டன் என்பது அவ்வண்டி சுமக்கக்கூடிய எடையைக் குறித்து முற்காலத்தில் ஏற்பட்ட பெயர். இக்காலத்து வண்டிகள் அதற்கு மேலும் சுமக்கும். அங்கும் எஞ்சினின் பலத்தைக் கண்டு ஏமாந்து அளவுக்கு மிஞ்சிய வீட்டுவண்டியைப் பூட்டுவோர் உண்டு. அங்கு அனுபவத்தில் நிலைபெற்ற விதிகள் இவை: வீட்டுவண்டியின் மொத்த எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு கொக்கியின் மேல் அமர வேண்டும், அதற்குக் குறைந்தால் பின்வண்டி பாம்புபோல் இருபுறமும் ஆடத் தொடங்கி முன்வண்டியையும் புரட்டிவிடும். கொக்கியன்றி இரண்டு காப்புச் சங்கிலிகளும் பூட்ட வேண்டும். பல மாகாணங்களில் 3,000 பவுண்டு, அதாவது சுமார் 1,360 கிலோவுக்கு மேற்பட்ட பின்வண்டிக்குத் தனிப் பிரேக் இல்லாமல் சாலையில் செல்லலாகாது.

உல்லாசப் பிரயாணத்துக்குச் செல்லும் வீட்டுவண்டிக்கே ஒன்றேகால் டன்னைச் சற்றுக் கடந்தவுடன் பிரேக் வேண்டும் என்றால், ஆறு ஏழு டன் நெல்லை ஏற்றிச் செல்லும் டிரெய்லர் பிரேக் இல்லாமல் செல்வதை என்னவென்று சொல்வது?

பாரத்தின் அளவுகோல்

பிரேக் இல்லாத பின்வண்டியின் மொத்த எடை, டிராக்டரின் எடையைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேற்படலாகாது என்று டிராக்டர் கைநூல்கள் சில குறிக்கின்றன. இரண்டு டன் டிராக்டருக்கு இது மூன்று டன். மேற்கூறிய கணக்கையே இதற்கும் போட்டுப் பார்த்தால், 10-க்கு 1 சரிவில் 15 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும்போதும் சுமார் 11 மீட்டரில் வண்டி நின்றுவிடுகிறது. விதி வெறும் ஏட்டு விதி அன்று என்பது இதனால் விளங்கும்.

ஆனால் மூன்று டன்னில் ஒன்றரை டன் டிரெய்லரின் எடையே ஆகிவிடுவதால், 40 மூட்டைக்கும் குறைவாகவே ஏற்ற முடியும். "இவ்வளவுக்கு டிராக்டர் எதற்கு?" என்று விவசாயிகள் கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. அதற்கு விடை விதியைத் தள்ளிவிடுவதன்று. டிரெய்லருக்குப் பிரேக் வைப்பதே. டிரெய்லரின் சொந்தச் சக்கரங்களுக்குப் பிரேக் இருந்தால், ஏற்றிய பாரமே அச்சக்கரங்களை அழுத்திப் பிடிப்பைத் தருகிறது. பாரம் கூடக் கூட நிறுத்தும் விசையும் கூடுகிறது. டிராக்டரை மட்டும் நம்பியிருக்கும்போதோ, பாரம் மட்டும் கூடுகிறது, விசை கூடுவதில்லை. புது டிரெய்லருக்குப் பட்டறையில் சொல்லும்போது பலகையின் கனத்தையும் வர்ணத்தையும் பற்றி நெடுநேரம் பேசும் சொந்தக்காரர், பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதிருப்பது வருந்தத்தக்கது.

பிரேக் வைக்கும் வரையில் ஒரு சுலபமான விதியைக் கைக்கொள்ளலாம். செல்லும் வழியில் மிகவும் செங்குத்தான இடம் எதுவோ, அதுவே பாரத்தின் அளவுகோல். பத்துக் கிலோமீட்டர் சமமான சாலையில் எவ்வளவு இழுத்தது என்பது கணக்கல்ல. ஒரே ஒரு கரை இறக்கத்தில் எவ்வளவை நிறுத்தும் என்பதே கணக்கு.

மூட்டைக்கு எடை தெரியும். மண்ணுக்குத் தெரிவதில்லை. வண்டல் அடிப்போர் யூனிட் கணக்கில் ஏற்றுகின்றனர். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. ஈரமான வண்டல் அந்த அளவில் நாலரை முதல் ஐந்து டன் வரை இருக்கும். உலர்ந்த மண்ணை ஏற்றிய உயரத்துக்கே ஈரமண்ணையும் ஏற்றுவோர், ஒரு டன்னைத் தம்மையறியாமல் கூடுதலாகச் சுமத்துகின்றனர். வைக்கோலோ எடையில் குறைந்தது. ஆனால் உயரத்தில் அபாயமானது. சாய்வான கரையில் உயரமான பாரம் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலே கவிழும். மின்சாரக் கம்பிகளையும் தொடும்.

அதிக பாரத்தால் மிச்சமாவது என்ன என்பதையும் பார்க்க வேண்டும். ஐந்து கிலோமீட்டர் தூரத்துக்கு இரண்டாவது நடை செல்வதற்கு இரண்டு மூன்று லிட்டர் டீசலும் ஒரு மணி நேரமும் செலவாகும். மிகையான பாரத்தால் டயரும் கிளட்சும் தேய்வதைக் கணக்கிட்டால் இந்த மிச்சத்திலும் பெரும்பகுதி போய்விடும். சட்டமும் இருக்கிறது. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் 2019-ல் திருத்தப்பட்டபடி, பாரவரம்பை மீறியதற்கு 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் விதிக்க இடமுண்டு.

கொள்முதல் நிலையத்தில் நெருக்கடி, மழை பயம், ஆலையிலிருந்து வந்த வெட்டு உத்தரவு ஆகியவற்றால் ஒரே நடையில் ஏற்ற நேருகிறது என்பதும் மெய்யே. ஆனால் அந்த அவசரத்தின் சுமை சொந்தக்காரரின் மேல் விழுவதில்லை. நடைக்கு இவ்வளவு என்று கூலி பெறும் டிரைவரின் மேல் விழுகிறது. அவன் பெரும்பாலும் இளவயதினன்; மறுத்துச் சொல்ல முடியாதவன். நடைக்கூலியை விட்டு நாட்கூலி கொடுத்தால், வேகமும் பாரமும் தாமே குறையும்.

டிரெய்லரில் மனிதர்

நடவுக்கும் களையெடுப்புக்கும் செல்லும் பெண்களையும், கோயில் திருவிழாவுக்குச் செல்லும் குடும்பங்களையும் டிரெய்லரில் ஏற்றிச் செல்லும் வழக்கம் எந்த விதத்திலும் ஒப்புக்கொள்ளத்தக்கதன்று. உத்தரப் பிரதேசத்தில் கான்பூர் ஜில்லாவின் காடம்பூர் அருகே 2022 அக்டோபர் 1-ந் தேதி, கோயிலுக்குச் சென்று திரும்பியவர்களை ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் ஒரு குளத்தில் கவிழ்ந்து, இருபத்தைந்துக்கு மேற்பட்டோர் இறந்தனர்; பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் ஆவர். மகாராஷ்டிரத்தில் நாந்தேட் ஜில்லாவில் 2025 ஏப்ரல் 4-ந் தேதி, கூலிவேலைக்குச் சென்ற பெண்களோடு டிராக்டர் ஒன்று கிணற்றில் விழுந்து எழுவர் மாண்டனர்.

சாமான் ஏற்றிய டிரெய்லர் கவிழ்ந்தால் நெல் நஷ்டமாகும். ஆட்கள் உள்ள டிரெய்லர் கவிழ்ந்தால், அப்பெட்டியே மூடிபோல் அவர்கள் மேல் விழுகிறது. தண்ணீரிலோ வெளிவர வழியில்லை. விபத்து நேர்ந்தபின், டிரெய்லர் ஆட்களை ஏற்றுவதற்கு உரியதன்று என்று சொல்லி இன்ஷூரன்ஸ் கம்பெனி நஷ்டஈடு தர மறுப்பதற்கும் இடமுண்டு. ஆட்களை வரவழைக்கும் நிலச்சுவான்தார் அவர்களுக்கு வேறு வாகனத்துக்கான செலவையும் வேலைச் செலவில் சேர்த்துக்கொள்வதே நியாயம்.

டிரைவரும் கிராம அதிகாரிகளும்

டிரைவருக்குச் சொல்ல வேண்டியவை அதிகமில்லை. சாலைக்கு வருமுன் இரண்டு பிரேக் மிதிகளையும் சேர்க்கும் தாழைப் போட வேண்டும். வயலில் திரும்புவதற்காகப் பிரித்த மிதிகளோடு சாலையில் ஒன்றை மட்டும் மிதித்தால் டிராக்டர் ஒரு பக்கமாகச் சுழன்றுவிடும். இறக்கத்தின் தலைப்பிலேயே வேகத்தைக் குறைத்து, ஏறுவதற்கு வேண்டிய சிறு கியரிலேயே இறங்க வேண்டும். நடுவில் கியர் மாற்றுவதும், டீசலை மிச்சப்படுத்துவதாக எண்ணி நியூட்ரலில் விடுவதும், கிளட்சை மிதித்துக்கொண்டே இறங்குவதும் உயிருக்கே உலை வைக்கும். கொக்கியின் ஆணிக்குப் பூட்டுக்கம்பி இன்றியமையாதது. அதற்குப் பதிலாகக் கயிறோ ஆணித்துண்டோ செருகலாகாது. இரவில் டிரெய்லரின் பின்புறம் சிவப்பு ஒளிச்சீலையும் விளக்கும் இருக்க வேண்டும். வழியில் பழுதாகி நின்றால் சக்கரத்துக்குக் கொடுத்த கற்களைப் புறப்படும்போது சாலையிலேயே விட்டுச் செல்வது, பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரனுக்குக் குழி வெட்டுவதற்கு ஒப்பாகும்.

கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் பெருஞ்செலவின்றிச் செய்யக்கூடியவை சில உண்டு. வாய்க்கால் கரைத் திருப்பங்களில் வெள்ளையடித்த கற்களை நிறுத்தலாம். பழுதான மதகுகளையும் சிறு பாலங்களையும் குறித்துக் கனவண்டி செல்லலாகாது என்று பலகை வைக்கலாம். கரையேறும் வழிகளை அறுவடைக்கு முன்பே மண்போட்டுச் சரிவைத் தணிக்கலாம். பத்துக்கு ஒன்றான இறக்கத்தைப் பதினைந்துக்கு ஒன்றாக்கினாலே தள்ளும் விசை மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். கிராமசபைக் கூட்டத்தில், ஆட்களை டிரெய்லரில் ஏற்றுவதில்லை என்று ஊரார் ஒருமித்துத் தீர்மானிக்கலாம். சட்டத்தைவிட ஊர்க்கட்டுப்பாடு விரைவில் பலன் தரும்.

டிராக்டர் வாங்கும் விவசாயிகள் அதன் குதிரைசக்தியைப் பெருமையுடன் சொல்லிக்கொள்வது இயல்பு. அச்சக்தி நிலத்தை உழுவதற்கும் கிணற்று நீரை இறைப்பதற்கும் உதவும். பின்னால் தள்ளிக்கொண்டு வரும் எட்டு டன் பாரத்தின் முன் அது உதவாது. வரும் அறுவடைக்கு முன்பாக ஒவ்வொரு நிலச்சுவான்தாரும் தம் டிரெய்லரின் கொக்கி, ஆணி, பிரேக் ஆகியவற்றைப் பரிசோதித்து, தம் வழியிலுள்ள மிகச் செங்குத்தான இறக்கத்தை ஒருமுறை நடந்து பார்த்து, அதற்குத் தக்கபடி மூட்டைகளின் எண்ணிக்கையை முன்கூட்டியே நிர்ணயித்துக்கொள்வாராக. மூட்டைகள் நூறானால் இரண்டு நடையில் போகலாம். டிரைவரும் கூலியாட்களும் வீடு திரும்புவதற்கு ஒரு நடைதான் உண்டு.